கருப்பனார் தேர்ந்தெடுத்த விமானக் கம்பெனி

அன்று கோயிலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா, அம்மா, குண்டூர் நாட்டிலிருந்து (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) பிக்கப் வண்டியோடு வந்திருந்த தங்கராசு மாமா, எங்கள் பங்காளியும் பூசாரியுமான பொன்னுசாமி சித்தப்பா, நான், அப்புறம் கருப்பனார். இல்லாதவர்கள்: கோயம்புத்தூர் மேடம், விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள், விமானத்தில் போனவர்கள், விமானத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்கள். நான் ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்றாலும், இந்தக் கடைசி மூன்று வகையில் எதிலும் சேர்த்தி இல்லை.

இந்தக் கதையை நானாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பே கிடைத்ததில்லை. எனக்கு முன்னால் மாமா சொல்லிவிடுவார். காதுகுத்து வீடு, கல்யாணப் பந்தி, ரேஷன் கடை வரிசை என்று நாலு பேர் நிற்கும் எந்த இடமும் அவருக்குப் போதும். அவர் சொல்லும் கதையில் விமானம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்கிறது. போன தைப் பொங்கலுக்கு அது அவருடைய பிக்கப் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் வளர்ந்து ஓடுபாதை கேட்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உண்மையில் அது என் முழங்கை நீளம்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரியூர் நாட்டில் மரவள்ளிக் கிழங்கும் மிளகும் போடுகிற குடும்பம். என்னைப் படிக்க வைக்க அப்பா கைநாட்டு வைத்த காகிதங்களை அடுக்கினால் ஒரு பாடப் புத்தகம் வரும். கவுன்சிலிங்கில் கிடைத்த இடம் ஏரோநாட்டிக்கல். பெயரைக் கேட்டதுமே ஊர் முடிவு செய்துவிட்டது: பையன் பைலட்.

"பைலட் இல்லீங்க. ஏரோப்ளேனைச் செய்யற படிப்பு" என்று நான் பஸ்ஸில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் விளக்குவேன்.

"செஞ்சவன் ஓட்டிப் பாக்க வேண்டாமா?" என்பார்கள். நான்கு வருடத்தில் ஒரு பேராசிரியரும் என்னிடம் இத்தனை நியாயமான கேள்வி கேட்டதில்லை.

படிப்பு முடிந்தது. வேலை வரவில்லை. மலைக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் போகும். களத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருக்கும் அம்மா அண்ணாந்து பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். நான் மிளகுக் கொடியைப் பார்ப்பேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

அப்போதுதான் கோயம்புத்தூர் வாய்ப்பு வந்தது. கல்லூரிகளுக்கும் அலுவலக வரவேற்பறைகளுக்கும், ஆசைக்கு வாங்கி அடுக்கி வைக்கிற பணக்காரர்களுக்கும் விமான மாடல் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை அது. நடத்துபவர் ஒரு மேடம். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, என் சான்றிதழைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்தார். "கை நடுங்காதில்ல?" என்றார். "கிழங்கு வெட்டற கைங்க மேடம்" என்றேன். சிரித்தார். எழுந்து போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

உள்ளே டகோட்டா விமானத்தின் மாடல். நம் ஊரில் லொடலொடவென்று ஓடும் எந்த வண்டியையும் 'டக்கோட்டா' என்று வைகிறோமே, அந்த வம்சத்தின் மூலவர் இவர்தான். இரண்டு புரொப்பல்லர், கொழுத்த மூக்கு, வாலைத் தரையில் போட்டு உட்கார்ந்து வானத்தை அண்ணாந்து பார்க்கிற தோரணை. ஒட்டி, தேய்த்து, வெள்ளி வண்ணம் அடித்து எல்லாம் முடிந்திருந்தது. கோடும் பெயரும் வால் சின்னமும் மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு கவரில் மூன்று தாள்கள் வைத்திருந்தார். நீலம், சிவப்பு, பச்சை. மூன்றும் மூன்று விமானக் கம்பெனிகள். (பெயர்களை எழுதப்போவதில்லை. கம்பெனி போனாலும் வாரிசுகள் இருப்பார்கள்.) இதைத் தொழிலில் டீக்கால் என்பார்கள். தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து மெதுவாக வழுக்கி, விமானத்தின் உடம்பில் உட்கார வைக்க வேண்டும். காய்ந்த பிறகு மனசு மாறினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டினால் வெள்ளி வண்ணமும் கூடவே வந்துவிடும்.

"மூணுல ஒண்ணுதான் இந்த விமானத்துக்குச் சரி. எதுன்னு நீங்களே கண்டுபிடிச்சு ஒட்டிட்டு அடுத்த வாரம் வாங்க, சின்னராசு. ஏன் அதுன்னு கேப்பேன். பதில் சரியா இருந்தா அன்னைக்கே சேந்துக்கலாம்" என்றார் மேடம்.

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எங்கள் ஊரில் நெட் கிடைப்பது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பாறையின் மேல் மட்டும்தான். அங்கே உட்கார்ந்து, போன் சூடாகும் வரை பழைய படங்களைத் தேடினேன். நீலக் கம்பெனி இந்த வகை விமானத்தைச் சரக்கு ஏற்ற மட்டுமே வைத்திருந்தது. என் மாடலில் இருந்ததோ பயணிகள் ஏறும் கதவு. பச்சைக் கம்பெனி பிறப்பதற்கு முன்பே இந்த விமானங்களை எல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள். ஆக, சிவப்பு. சந்தேகமே இல்லை. நான் படித்த படிப்பு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு விடை சொல்லியிருந்தது.

பாறையிலிருந்து இறங்கி வந்து பேசாமல் சிவப்பை ஒட்டியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம், "இதுல எதுங்கப்பா நல்லாருக்கு?" என்று கேட்டேன். சும்மா ஒரு மரியாதைக்கு. (இந்த மரியாதையால் நான் பட்ட பாடுகளைத் தனியாக எழுத வேண்டும்.)

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கினார். அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் வண்டி என்றால் அவருக்கு நிறம்தான். நாமக்கல் பஸ் எது, சேலம் பஸ் எது என்று இந்த வயது வரை நிறத்தை வைத்தே ஏறியிருக்கிறார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. போர்டைப் படித்துவிட்டு ஏறி ராசிபுரத்தில் போய் இறங்கியவன் நான்தான்.

"பாத்துத்தான் செய்யோணும்" என்றார் அப்பா. "பேரை யாரு படிக்கறாங்க? கலரைப் பாத்துத்தான கை காட்டுவாங்க?"

"ஏரோப்ளேனுக்கு யாரு மச்சான் கை காட்டுவாங்க?" என்றார், கிழங்கு மூட்டை ஏற்ற வந்திருந்த மாமா.

"நின்னுக்கிட்டிருக்கற காரவள்ளி பஸ்ஸே கை காட்டுனா கெளம்பிப் போயிருது. ஏரோப்ளேன் நின்னாலும் நிக்கும்" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். இதோடு முடிந்தது என்று நினைத்து நானும் சிரித்தேன். அப்போது அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து சிவப்புத் தாளைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பூக் கேக்காம வண்டிக்குக் கலரா?"

எங்கள் பக்கம் கிணறு வெட்ட, பெண் எடுக்க, வண்டி வாங்க எல்லாவற்றுக்கும் சாமியிடம் பூக் கேட்க வேண்டும். சிலையின் மார்பில் ஈரப் பூவை ஒட்ட வைத்துவிட்டுக் கேள்வியைச் சொல்வார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். மாமா ஒருமுறை கேட்காமல் ஒரு சிவப்பு ஜீப் வாங்கினார். அது அந்த மாசமே மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் வளைவு ஒன்றில் சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. மாமாவால் இன்றைக்கும் வலது கையை முழுதாக மடக்க முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அம்மா. அதிலிருந்து சிவப்பு வண்டி எது வந்தாலும் அம்மா ரோட்டோரம் ஒதுங்கி, அது வளைவு தாண்டும் வரை நின்று பார்ப்பாள்.

"இது வண்டியே இல்லீங்கம்மா, பொம்மை" என்றேன்.

"இதை வெச்சுத்தான உனக்கு வேலை? அப்ப இதுதான் உன்ற வண்டி" என்றாள்.

மூன்று தாளையும் கவருக்குள் திருப்பிப் போட்டேன்.

மறுநாள் காலையில் கோயில். சித்தப்பா அவசரத்தில் இருந்தார். அவருக்குக் கிழங்கு லோடு ஏற்றப் போக வேண்டியிருந்தது. அரளிப் பூவைத் தண்ணீரில் நனைத்துக் கருப்பனாரின் மார்பில் ஒட்டினார். மூன்று தாளையும் தட்டில் வைத்தார். கேள்வியைச் சாமிக்கு விளங்கும்படி மாற்றிச் சொன்னார்.

"சாமி, பையன் கோயமுத்தூருக்கு வேலைக்குப் போறான். ஏரோப்ளேனுக்கு நீலம் வெக்கலாமா? உத்தரவுன்னா வலப்பக்கம் குடு."

பூ இடப்பக்கம் விழுந்தது. நான் மனதுக்குள் கைதட்டினேன். சரக்கு விமானம் என்று சாமிக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்து சிவப்பு. பூ விழவில்லை. காத்திருந்தோம். விழவில்லை. ஒரு கோழி வந்தது, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது, போய்விட்டது. சித்தப்பா போனில் மணி பார்த்தார். அம்மா கண்ணை மூடி முணுமுணுத்தாள். நான் என் பங்குக்கு, சாமி, எஞ்சினைப் பார், கதவைப் பார், வருஷத்தைப் பார் என்று ஆதாரங்களை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் பூ வலமும் போகாமல் இடமும் போகாமல் நேராக இறங்கி, காலடியில் நடுவில் நின்றுகொண்டது.

"இது என்ன கணக்குங்க?" என்றார் அப்பா.

"பெட்ரோல் ரிசர்வுல இருக்குதுன்னு அர்த்தம்" என்றார் மாமா.

"நீ செத்த சும்மாரு. சாமி யோசிக்குது" என்றார் சித்தப்பா.

"யோசிக்கல. வேண்டாங்குது. அதை வாய் தொறந்து சொல்லோணுமா?" என்றாள் அம்மா.

பச்சைக்குச் சித்தப்பா கேள்வியை முடிக்கக்கூட இல்லை. "ஏரோப்ளேனுக்குப் பச்..." என்றதுமே பூ வலப்பக்கம் வந்து விழுந்தது. யாரோ உள்ளிருந்து தள்ளிவிட்டது போல விழுந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சித்தப்பா, செவப்புக்கு மட்டும் மறுபடி ஒருக்கா கேக்கலாங்களா?"

"ஏன்டா, சாமி என்ன உங்க யுனிவர்சிட்டியா, ரீவேல்யுவேசன் போடறதுக்கு?"

(நான் இரண்டு பேப்பருக்கு ரீவேல்யுவேஷன் போட்டது மலை முழுக்கத் தெரிந்த விஷயம்.)

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவுக்கு விளக்கப் பார்த்தேன். "அந்தப் பச்சைக் கம்பெனி அந்தக் காலத்துல இல்லவே இல்லீங்கப்பா."

"இப்ப இருக்குதா?"

"இப்பவும் இல்லீங்க. மூடிட்டாங்க."

"அப்பறம் என்ன? யாரு வந்து கேக்கப் போறாங்க?"

இரண்டு நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை. பச்சையை ஒட்டினால் வேலை இல்லை. சிவப்பை ஒட்டினால், நான் கோயம்புத்தூரில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அம்மா இங்கே ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். படிக்காதவன் என்றால் இரண்டில் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். நான் படித்தவன். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன்.

விமானத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறது.

எல்லாரும் கிழங்கு பிடுங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், கிண்ணத்தில் தண்ணீர் வைத்து உட்கார்ந்தேன். வலப்பக்கம் முழுக்கப் பச்சைக் கோடு, பச்சைப் பெயர், வாலில் பச்சைச் சின்னம். இடப்பக்கம் முழுக்கச் சிவப்பு. வீட்டில் பச்சையைக் காட்டுவது, கோயம்புத்தூரில் சிவப்பைக் காட்டுவது, இரண்டு பேரும் சந்திக்கவா போகிறார்கள்? சாமி பூ கொடுத்ததும் வலப்பக்கம், நான் பச்சை ஒட்டியதும் வலப்பக்கம் என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானமும் தயாராக வைத்திருந்தேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக் குமிழி இல்லை. அதைவிடச் சுத்தமாக நான் இன்றுவரை எதையும் ஒட்டியதில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

நான் கணக்கில் எடுக்காதது வண்டிப் பூசை. புது வண்டிக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பூசாரி மூன்று சுற்றுச் சுற்றி வந்து தண்ணீர் தெளிக்காமல் எங்கள் ஊரில் எந்தச் சக்கரமும் உருளாது. கிளம்புகிற அன்று காலை சித்தப்பா தட்டோடு வாசலில் நின்றார்.

"கீழ வெய்யி, கண்ணு."

"ஒடஞ்சுக்குமுங்க. கையிலயே வெச்சுக்கறேன்."

பச்சைப் பக்கத்தை அவருக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டேன். மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் நீட்டினார். சக்கரம் சுண்டைக்காய் அளவு, பழம்தான் அதன் மேல் ஏறும் என்பது தெரிந்து தன் கையாலேயே நசுக்கினார். பிறகு என்னைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் இடது பக்கம் வர, நான் திரும்பினேன். பின்பக்கம் போக, நான் இன்னும் திரும்பினேன். அப்பாவும் அம்மாவும் வேறு எதிரில் நின்றார்கள். அவர்கள் கண்ணில் பட்டுவிடாமல் சிவப்புப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் தலை சுற்றியது.

"என்ன மாப்ள, சூரியகாந்தியாட்டம் திரும்பற?" என்றார் மாமா.

"சாமிக்கு முதுகு காட்டக் கூடாதுங்க மாமா."

"பையனுக்குப் படிச்சும் பக்தி போகல பாரு" என்று சித்தப்பா அப்பாவிடம் சொன்னார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த நேரம் அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பிளக்கவில்லை. மாமா பிக்கப்பில் காரவள்ளி வரை கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்து சந்தனத்தைத் துடைத்தேன். குங்குமம் மட்டும் வெள்ளி வண்ணத்தில் இறங்கி லேசாக நின்றுவிட்டது.

கோயம்புத்தூரில் மேடம் மேசையைத் துடைத்து இடம் கொடுத்தார். சிவப்புப் பக்கம் அவரைப் பார்க்கும்படி வைத்தேன். பூதக்கண்ணாடியை எடுத்துக் கோட்டின் நுனியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"மூக்குல என்ன சிவப்பா?"

"குங்குமங்க மேடம். வீட்ல பூசை போட்டாங்க."

"பரவால்ல, துடைச்சுக்கலாம். ஒட்டினது பிரமாதமா இருக்கு. ஏன் நீலம் வேண்டாம்?"

சரக்கு விமானம், கதவு என்று சொன்னேன்.

"பச்சை?"

"பச்சைக்கு இந்த விமானத்துல எடமே இல்லீங்க மேடம். அந்தக் கம்பெனி வரும்போது இந்த விமானமெல்லாம் கிடையாது." இதை நான் அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். கையைக்கூட ஆட்டினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தேர்வை நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கேன். எல்லாரும் எது அழகா இருக்கோ அதை ஒட்டிட்டு வருவாங்க. நீங்கதான் தேடியிருக்கீங்க. திங்கக்கிழமை வந்துருங்க."

திங்கட்கிழமை! வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவிடம் என்ன வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அதற்குள் மேடம் மாடலை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நடந்தார். "வாங்க, இதை ஷோகேஸ்ல வெச்சுப் பாக்கலாம்."

ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதன் நடுவில் ஒரு வட்டப் பலகை. பலகைக்குக் கீழே ஒரு மோட்டார்.

"மேடம், அது இப்படியே இருக்கட்டுமுங்க. இந்தப் பக்கம் பாத்தாப்பல நல்லாருக்குதுங்க."

"சுத்தினாத்தான் அழகு" என்று சுவிட்சைப் போட்டார்.

எங்கள் மலையில் என்றால் இந்நேரம் கரண்ட் போயிருக்கும். கோயம்புத்தூரில் போகவில்லை. பலகை, அவசரமே இல்லாமல், ரொம்ப நிதானமாகத் திரும்பியது. சிவப்புக் கோடு மெலிந்தது. குங்குமம் வைத்த மூக்கு எங்களை நேராகப் பார்த்தது. அப்புறம் பச்சை வந்தது. பச்சைக் கோடு, பச்சைப் பெயர், வாலில் பச்சைச் சின்னம், எல்லாம் ஒரு சுருக்கம் இல்லாமல். பிறகு வால். பிறகு மறுபடி சிவப்பு. மேடம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு சுற்றுப் போதாதென்று இன்னொரு சுற்றும் பார்த்தார்.

"இது என்ன, சின்னராசு?"

"பச்சைங்க மேடம்."

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூ, கோழி, ஜீப், அம்மா, எதையும் விடவில்லை. மேடம் சிரித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. நடுவில் ஒருமுறை உதட்டைக் கடித்துக்கொண்டார், அவ்வளவுதான். டீ வரவழைத்துக் கொடுத்தார். டீ வந்தபோதே வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எது சரின்னு தெரியாம ரெண்டு பக்கமும் பச்சை ஒட்டியிருந்தாக்கூடப் பழக்கிக்குவேன்" என்றார். "நீங்க தெரிஞ்சே, எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டலாம்னு வந்திருக்கீங்க. காசு குடுத்து வாங்கறவரு மாடலைச் சுத்தி வந்துதான் பாப்பாரு. நாளைக்கு அவருக்கு நான் என்ன சொல்றது?"

மாடலை என்னிடமே கொடுத்துவிட்டார். அதை இனி விற்க முடியாது என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாவம் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வந்தபோது சாயங்காலம். காரவள்ளியில் மாமா காத்திருந்தார். "என்னாச்சு மாப்ள?" என்றார். "சொல்லி அனுப்பறேன்னாங்க" என்றேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். அத்தனை பஸ் மாறி வந்ததில் தூக்கம் அழுத்தியது. ஏதோ ஒரு வளைவில் மாமா பிரேக் போட, பெட்டி நழுவி அவர் காலடியில் விழுந்து திறந்தது. அவர் விமானத்தை எடுத்தார். பார்த்தார். திருப்பினார். பிக்கப்பை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"சாமிக்கு முதுகு காட்டக் கூடாதுன்னியே, இதுதானா அது?"

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. மாமா அதைக் கண்டுகொள்ளாமல் போனை எடுத்தார். "அக்கா, சோத்தை அடுப்புல இருந்து எறக்கி வெச்சுட்டு உக்காந்து கேளு" என்று ஆரம்பித்தார். மிச்ச வளைவுகளை எல்லாம் அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். அத்தனை வருஷத்தில் அந்த ரோட்டில் எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா விமானத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் வைத்து, தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செவப்பும் நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு? அமாவாசையன்னிக்கு நான் தனியாப் போயிக் கேட்டிருப்பேன். கருப்பனாரும் உங்கப்பனாட்டந்தான். மொதல்ல முடியாதும்பாரு. நாலு தரம் கேட்டா, என்னமோ பண்ணிக்கம்பாரு."

"மறுபடி கேக்கக் கூடாதுன்னு சித்தப்பா சொன்னாருங்களே?"

"உங்க சித்தப்பனுக்குக் கெழங்கு லோடு ஏத்தப் போகோணும். அவரு வேற என்ன சொல்லுவாரு?"

கோயம்புத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது. மாமா வெளியே போய் பிக்கப்பின் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

குற்றம் நடந்துவிட்டால் அபராதம் உண்டு. எவ்வளவு என்பதையும் சாமியிடம்தான் கேட்க வேண்டும். மறுபடி அதே கோயில், அதே ஆட்கள். சாமி பூ கொடுத்த வலப்பக்கத்தில்தானே பச்சையை ஒட்டினேன் என்ற வாதத்தை ஒருமுறை முன்வைத்துப் பார்த்தேன். "கருப்பனாருகிட்டயே வக்கீல் பேச்சா?" என்று சித்தப்பா பூவை நனைத்தார். ஒரு சேவல் போதுமா? இடப்பக்கம். ரெண்டு சேவல்? இடப்பக்கம். கிடாய்? கேள்வி முடிவதற்குள் பூ வலப்பக்கம் வந்து விழுந்தது. விமானத்துக்கு அத்தனை யோசித்த சாமிக்கு ஆட்டு விஷயத்தில் துளிக்கூடத் தயக்கம் இல்லை.

இப்போது நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருக்கிறேன். பெயின்ட் முடிந்து வெளியே போகும் லாரியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. யாரும் வேண்டுமென்று கொடுக்கவில்லை, தானாக அமைந்தது. விமானம் வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது. அம்மா தினமும் துடைத்துப் பச்சையைக் காட்டி வைப்பாள். மாமா வந்தால் சிவப்பைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அரியூர் நாட்டிலும் குண்டூர் நாட்டிலும், பெண்டாட்டியிடம் ஒன்று சொல்லி அம்மாவிடம் வேறு சொல்கிற ஆளைப் பார்த்து, "என்னடா, பைலட் ஊட்டு ஏரோப்ளேனாட்டம் பேசற?" என்று கேட்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பைலட் யார் என்றே தெரியாது. போன மாசம் பஸ்ஸில் ஒருவர் என்னையே அப்படிக் கேட்டார்.

கிடாய் வெட்டிய அன்று குண்டூர் நாட்டிலிருந்து மாமா பிக்கப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். என் குற்றத்தை விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். பந்தி முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்த பிறகு, அதுவரை என்னோடு பேசாமல் இருந்த அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல் குத்திக்கொண்டார்.

"படிச்சவன்தான? மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போடு" என்றார்.

கிடாய், அரிசி, மளிகை, மாமாவின் டீசல், நான் கோயம்புத்தூர் போய் வந்தது எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டினேன். சரிதானா என்று இன்னொரு தரமும் கூட்டினேன். நான் வாய் திறப்பதற்குள் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பக்கத்துக்கும் சேத்துச் சொல்லு."

"ரெண்டு பக்கத்துக்கும் சேத்துத்தானுங்கப்பா" என்றேன். "பதினாலாயிரத்து எரநூறு ரூவா."